ஆல்ட் டேப்பில் எல்லாத் தாளும் ஒன்றுபோல

போன மார்கழியில் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளம், சினமன் என்ற அதன் திரைச்சூழல். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் மூன்று கோப்புகள் திறந்திருந்தன: மூலப்பிரதி, முதல் திருத்தம், இரண்டாம் திருத்தம். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஆல்ட், டேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஜன்னல்கள் சிறுபடங்களாக வரட்டும் என்று நானே ஆசைப்பட்டு மாற்றி வைத்திருந்தேன்.

மூன்றுமே வெள்ளைத் தாள், மேலே சாம்பல் பட்டை, நடுவே கறுப்புக் கோடுகள். கை பழக்கத்தில் ஒன்றைப் பிடித்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து, ஓரிடத்தில் 'அவைகள்' என்பதை 'அவை' என்று திருத்தும்போது உறைத்தது: இதை நேற்றே திருத்தினேனே! பழைய கோப்பில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுச் சரிசெய்து முடிக்கும்போது விடிந்துவிட்டது.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1920 பிக்சல் அகலமுள்ள ஜன்னல் 240 பிக்சல் படமாகச் சுருங்கினால் எட்டில் ஒரு பங்கு. 16 பிக்சல் உயர எழுத்துக்கு மிஞ்சுவது 2 பிக்சல். அதில் புள்ளி எங்கே நிற்கும்? க, க் இரண்டும் ஒன்றுதான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுதான். புகைப்படங்களோடு வேலை செய்பவருக்குச் சிறுபடம் வரப்பிரசாதம்; நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே கண்டுகொள்வார். எழுத்தோடு மாரடிக்கும் நமக்குப் பெயர்தான் துணை.

அந்தப் பெயரும் கைவிட்டது. 'சிறுகதைத் தொகுப்பு திருத்தம் 1', 'சிறுகதைத் தொகுப்பு திருத்தம் 2' என்று வைத்திருந்தேன். இடம் போதாமல் இரண்டுமே 'சிறுகதைத் தொ...' என்று முடிந்தன. வேறுபடுத்தும் எண் வால்பக்கத்தில் இருந்ததால் அதுதான் முதலில் வெட்டுப்பட்டது. இப்போது எண்ணை முன்னால் வைக்கிறேன்: '2 திருத்தம்'. இந்த ஒரு மாற்றமே பாதித் தொல்லையைத் தீர்த்துவிட்டது.

என்னோடு மெய்ப்புப் பார்க்கும் அக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல். விண்டோஸ் எக்ஸ்பியில் பழகியவர். அதில் சின்னங்கள் வரிசையாக நிற்கும், தேர்ந்த ஜன்னலின் பெயர் கீழே ஒரு வரியில் வரும். 2007இல் விஸ்டா வந்த பிறகுதான் அந்த இடத்தைச் சிறுபடங்கள் பிடித்துக்கொண்டன. என் திரையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "தம்பி, இதில் எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? எனக்குப் பெயரைக் காட்டு, போதும்" என்றார்.

அன்றே, இப்போது மின்ட் ஓடும் அவருடைய கணினியில் அமைப்புகளுக்குள் போய், ஜன்னல்கள் பகுதியில் ஆல்ட் டேப் பாணியைச் 'சின்னங்கள் மட்டும்' என்று மாற்றிக் கொடுத்தேன்; சின்னத்தோடு பெயரும் வரும். என்னுடையதில் சின்னத்தோடு ஜன்னலின் முன்தோற்றமும் வரும் பாணி. ஆல்ட் விசையை விடாமல் ஒரு நொடி நின்றால், தேர்ந்த ஜன்னல் திரையில் பெரிதாகத் தெரிகிறது. பக்கத்தின் முதல் வரியைப் படித்துவிட்டே கையை எடுக்கிறேன்.

லினக்ஸின் இன்னொரு திரைச்சூழலான கேடிஈ பயன்படுத்துபவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: பெயர்களை மட்டும் பட்டியலாகக் காட்டும் பாணியில் நீளமான தமிழ்த் தலைப்பு முழுதாகத் தெரிகிறதா?