காவிரி டெல்டாவுல மழையும் வறட்சியும் உங்க நெல்லு மகசூலை என்ன பண்ணுச்சு? நடந்ததை எழுதுங்க

மன்னார்குடி பக்கம்

நானே ஆரம்பிக்கிறேன். டிவில எப்ப பாத்தாலும் வெடிச்சு கிடக்கிற வயலத்தான் காட்டுறாங்க, அதுவும் உண்மைதான், ஆனா என் கணக்குப்படி என்னைய கடன்ல இறக்கினது வறட்சி இல்ல, தை மழை.

2016 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மேட்டூர் அணை திறந்ததே செப்டம்பர் 20, அதுவும் முறை வச்சு முறை வச்சு விட்டாங்க, சரி ஐப்பசி மழை காப்பாத்தும்னு புழுதியில தெளிச்சோம், முளைச்சுது, நல்லாத்தான் வந்துச்சு, அப்பறம் ஐப்பசியும் ஏமாத்திருச்சு கார்த்திகையும் ஏமாத்திருச்சு. மார்கழி பொறக்கறதுக்குள்ள பயிர் சுருண்டு மஞ்சளாகி ஆட்டை விட்டு மேய்ச்சுட்டோம். 2017 ஜனவரில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசு அறிவிச்சப்ப எங்க வயல்ல அறிவிக்க ஒண்ணும் மிச்சமில்ல. ஆனா பாருங்க, போனது என்ன? உழவு, விதை, ஒரு களை, ஒரு உரம். மேலுரம் போடல, மருந்து அடிக்கல, மிஷின் கூலி கிடையாது.

2021 ஜனவரிய எடுத்துக்கங்க. சிஆர் 1009ங்கற நீண்ட நாள் நெல்லு, ஏக்கருக்கு 35 மூட்டை எதிர்பாத்த பயிர், கதிர் பழுத்து தலை தொங்கி நிக்குது. பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி புடிச்ச மழை, பொங்கல் அன்னிக்கும் விடல. தண்ணி வடிஞ்சப்பறம் போயி சாஞ்ச பயிரை கையால தூக்கி பாக்குறேன், அடியில இருந்த கதிர்ல வெள்ள வெள்ளயா முளை விட்டிருக்கு, மேல பாத்தா தங்கமா இருக்கு. அந்த வருஷம் எல்லா செலவும் பண்ணியாச்சு, மூணு உரம், புகையான் பூச்சிக்கு மருந்து, எல்லாம். டயர் வச்ச அறுப்பு மிஷின் சேத்துல இறங்காது, செயின் மிஷின்தான் வேணும், அதுக்கு மணிக்கணக்குல வாடகை, காஞ்ச வயல்ல ஒரு மணி நேரத்துல முடிக்கிறதை சேத்துல ரெண்டரை மணி ஓட்டுனான். கிடைச்சது 14 மூட்டை, அதுலயும் பாதி கறுத்துப் போச்சு. அறுப்புக்கு முன்னாடி தெளிச்ச உளுந்தும் தண்ணில அழுகிடுச்சு, அந்த உளுந்துதான் எங்களுக்கு சித்திரை வரைக்கும் கைச்செலவு. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் வந்துச்சு, வாங்கிக்கிட்டோம், உரக்கடை பாக்கிக்கே அது பத்தல.

அதான் சொல்றேன், மழை எத்தனை சென்டிமீட்டர்னு பாக்கறதுல பிரயோஜனம் இல்ல, எந்த வாரம் பேஞ்சுதுன்னு பாக்கணும்.

தலைஞாயிறு பொண்ணு

அண்ணே நீங்க சொல்றது மேட்டுப்பக்கத்துக்கு சரி. நாங்க கடைமடை. தண்ணி வர்றப்பவும் கடைசி, வடியறப்பவும் கடைசி.

குறுவைங்கற முதல் போகப் பேச்சே எங்க பக்கம் கிடையாது, நிலத்தடி தண்ணி உப்பு, போர் போட்டு பிரயோஜனம் இல்ல, ஒரே போகம் சம்பா, அதை விட்டா ஒண்ணுமில்ல. 2024ல மேட்டூர் ஜூலை 28 தான் திறந்தாங்க, அப்பறம் அணை ரொம்பி கொள்ளிடத்துல வெள்ளமா கடலுக்கு போகுது, எங்க வாய்க்கால்ல ஆடு நடந்து போகுது. ஆவணி கடைசிலதான் தெளிச்சோம். சரி வந்துருச்சேன்னு இருந்தா நவம்பர் கடைசில புயல் மழை, பயிரு முழங்கால் உசரம் கூட இல்ல, வயலும் வரப்பும் ஒண்ணா தெரியுது. வடிகால்ல தண்ணி ஓடணும்ல, கடல்ல ஏத்தம்னா ஆத்துத் தண்ணிய உள்ள வாங்காது, திரும்பி எங்க மேலதான் ஏறும். வெங்காயத்தாமரை வேற அடைச்சுக்கிட்டு நிக்குது, அதை கோடையில வெட்டி எடுங்கன்னு வருஷா வருஷம் மனு குடுக்கறோம்.

ஒண்ணு மட்டும் கண்ணால பாத்தேன். எங்க சின்ன மாமனாரு சிஆர் 1009 சப் 1 போட்டிருந்தாரு, எங்களுது சாதா 1009. ரெண்டு வயலும் ஒரே பள்ளம், ஒரே வரப்பு. தண்ணி வடிஞ்சதும் எங்களுது தொட்டா கையோட வருது, அழுகின வாடை. அவருது எல இழந்து அசிங்கமாத்தான் நின்னுச்சு ஆனா குருத்து பச்சையா இருந்துச்சு, ரெண்டு வாரம் வரைக்கும் மூழ்கினாலும் தாங்கற மாதிரி உண்டாக்கின ரகமாம். அப்பறம் அவரு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 4 கிலோ கலந்து ராத்திரி வச்சு, காலைல பொட்டாஷ் 17 கிலோ சேத்து தெளிச்சாரு, ஏக்கர் கணக்கு இது, விவசாய ஆபீஸ்ல சொன்னதுதான். தூர் கட்டிருச்சு. நாங்க நாத்துக்கு ஊரு ஊரா அலைஞ்சு, சொன்ன விலைக்கு வாங்கி பாதி இடத்துலதான் நட முடிஞ்சுது.

கொள்ளிடக்கரை

திட்டாதீங்க, ஒரு உண்மைய சொல்றேன். நமக்கு திருவையாறு பக்கம், பம்புசெட் இருக்கு, தண்ணி நல்ல தண்ணி. எனக்கு நல்ல மகசூல் குடுத்த வருஷங்கள்ல 2016-17 சம்பாவும் ஒண்ணு. மேகமே இல்ல, நாள் பூரா வெயில், பூக்கறப்ப மழை இல்ல, கதிர்ல கருக்கா, அதாவது பதரு, ரொம்ப கம்மி, குலைநோய் புகையான் எதுவும் எட்டிப்பாக்கல. நெல்லுக்கு வேர்ல தண்ணியும் தலைல வெயிலும் இருந்தா போதும்ங்க. ராத்திரி பூரா மோட்டார் ஓடுச்சு, தண்ணி மட்டம் கீழ போயி கொழாய் ரெண்டு இறக்க வேண்டியதாயிடுச்சு, அது வேற கதை. பக்கத்து ஊர்ல போர் இல்லாத சொந்தக்காரங்க மாடு விக்கிறப்ப நம்ம வயலு மட்டும் பச்சையா இருக்கறதை பாக்க கொஞ்சம் கூச்சமாவும் இருந்துச்சு.

எனக்கு இடி விழறது குறுவை அறுப்புலதான். புரட்டாசி மழையில அறுத்து கொள்முதல் நிலையத்துல கொட்டினா மீட்டர வச்சு பாத்துட்டு ஈரப்பதம் 21 சதவீதம்ங்கறான். 17க்கு மேல இருந்தா எடுக்க மாட்டான். காய வைக்க எங்க வெயிலு? ரோட்ல பரப்பறோம், தூறல் வருது, தார்ப்பாய் போட்டு மூடறோம், உள்ள புழுங்குது, திறந்தா மறுபடியும் 20. விளைஞ்சு வீடு வந்த நெல்லு குவியல்லயே முளைக்குது, இதை எந்த மகசூல் கணக்குல எழுதுவாங்க?

நீடாமங்கலம் தம்பி

2023ல எங்களுக்கு குறுவை கருகினது. ஜூன் 12 திறந்தாங்கன்னு நம்பி போட்டோம், கர்நாடகாவுல மழை இல்ல தண்ணி விடல, தொண்டைக்கதிர்ல, அதாவது கதிர் வெளிய வராம தண்டுக்குள்ள இருக்கறப்ப, வாய்க்கால் காஞ்சுது. அந்த பருவத்துல காஞ்சா அப்பறம் எத்தனை தண்ணி பாய்ச்சினாலும் கதிர் பாதி வெளிய வரும் பாதி உள்ளயே நிக்கும். அப்ப குறுவைக்கு இன்சூரன்ஸும் இல்ல, அரசு ஹெக்டேருக்கு 13,500 குடுத்துச்சு.

சம்பா இன்சூரன்ஸ் பத்தி யாரும் சொல்லல. நம்ம வயலு போச்சுன்னு பணம் வந்ததில்ல, ஊரு சராசரி குறைஞ்சாதான் வந்துச்சு. அந்த சராசரி பாக்க எங்க ஊர்ல அஞ்சுக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போட்டாங்க, அந்த எடம் மேட்டு வயலு, நல்லா விளைஞ்சிருந்துச்சு. பள்ளத்துல இருந்த நாங்க வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னோம்.

மன்னார்குடி பக்கம்

தம்பி அந்த அஞ்சு மீட்டர் கதைய தனியாவே எழுதலாம், எழுதுங்க. கொள்ளிடக்கரை அண்ணே, யாரும் திட்டல, பொறாமைதான்.

இப்ப என் வீட்ல ஓடுற சண்டைய சொல்லிடறேன், யோசனை சொல்லுங்க. தை மழைக்கு பயந்து 1009ஐ விட்டுட்டு ஆடுதுறை 46 மாதிரி 135 நாள் ரகம் போடலாம்னு பாக்கறேன், ஆவணி முதல்ல தெளிச்சா மார்கழி நடுவுல அறுத்துடலாம். அப்பா ஒத்துக்க மாட்டேங்கறாரு. அது பூக்கறது கார்த்திகை நடுவுல, அடைமழையில பூவெல்லாம் கழுவிட்டு போயி கருக்காதான் மிஞ்சும், மழையெல்லாம் ஓஞ்சு மார்கழில பூக்கணும்னுதான்டா அந்த காலத்துலேர்ந்து நீண்ட நாள் நெல்லு போடறோம்ங்கறாரு. அதுவும் நியாயமாத்தான் இருக்கு. நாளைத் தள்ளி தெளிச்சா ஜனவரி 28ல மேட்டூர மூடிட்டா கடைசி தண்ணிக்கு என்ன பண்றது, எங்களுக்கு போர் இல்ல. பாதி பாதி போடலாம்னு அம்மா சொல்லுது. பூ பிடிக்கறப்ப மழை வாங்கியும் 46ல சுமாராவாவது எடுத்தவங்க யாராச்சும் இருந்தா எத்தனை மூட்டை வந்துச்சுன்னு எழுதுங்க, ஆடி பொறக்கறதுக்குள்ள விதை வாங்கணும்.