மீட்புப் படை வந்த பிறகு ஊர்க்காரர்கள் எதற்கு?

கூடலூர் செல்வி: 2024 ஜூலை 30 அன்று கேரளாவின் வயநாட்டில் நடந்த முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவை மறக்க முடியவில்லை. எங்கள் எஸ்டேட் லைனில் (தொழிலாளர் குடியிருப்பில்) ஒரு தன்னார்வக் குழு அமைக்கப் பேசுகிறோம். ராணுவமும் பேரிடர் மீட்புப் படையும் வந்துவிட்டால் நமக்கு என்ன வேலை இருக்கும்?

மேப்பாடி ராஜன்: நிறைய இருக்கிறது அக்கா. அங்கே இடத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்துத் தேடினார்கள். ஒவ்வொரு குழுவோடும் உள்ளூர்க்காரர்களையும் வனத்துறை ஆளையும் சேர்த்தார்கள். தெருவே காணாமல் போன இடத்தில் வீடு எங்கே இருந்தது என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? ஒருவர் பாதி புதைந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "சமையல்கட்டு இதற்குப் பின்னால்தான்" என்றார். ஜேசிபி அங்கேதான் தோண்ட ஆரம்பித்தது. ஆனால் யாரும் தன்னிச்சையாக இறங்கக் கூடாது, மண் மறுபடியும் சரியும்.

நிலம்பூர் பாய்: ஆற்றையும் மறக்காதீர்கள். சாலியாறு பல உடல்களை மலப்புறம் மாவட்டம் வரை அடித்து வந்தது. கரையோரக் காட்டுக்குள் வழி தெரிந்தவர்கள் இல்லாமல் முடிந்திருக்காது.

மேப்பாடி ராஜன்: சரிதான். அப்புறம் இன்னொன்று. காணாமல் போனவர்களைக் கணக்கெடுக்க ரேஷன் அட்டை விவரங்களைப் பார்த்தார்கள். வெளிமாநிலத் தொழிலாளிகள் அதில் எப்படி வருவார்கள்? லைன் வாரியாக யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று இப்போதே எழுதுங்கள். விருந்தாளி வந்தாலும் சேர்த்து எழுதுங்கள்.

கூடலூர் செல்வி: நன்றி தம்பி. எங்கள் லைனிலும் ஜார்க்கண்டுக்காரர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டியலை ஆரம்பிக்கிறோம், ஒரு பிரதி கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்துவிடுகிறோம்.