கெயினைக் காதால் வைப்பதா, மீற்றரால் வைப்பதா?

மாங்குளம் வான்:
வைகாசியில் வட்டாப்பளைப் பொங்கலுக்குச் சனம் ஏற்றிப்போன இரவு, ஒட்டுசுட்டான் தாண்டும்போது என் சப்வூபர் (பேஸ் அடிக்கிற ஸ்பீக்கர்) எரிந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கொயில் என்கிற கம்பிச்சுருள் கறுத்து, ஒரே கருகல் மணம். பூட்டித் தந்தவர் அம்பின் (அம்பிளிஃபயரின்) கெயின் திருகை முக்கால்வாசி திறந்து விட்டிருந்தார். இப்போது புதிதாக வாங்கியது 4 ஓம், 300 வாற்ஸ். அம்பும் 4 ஓமில் 300 தான். கெயினை எங்கே நிறுத்துவது?

பரந்தன் சவுண்ட்:
தம்பி, காதால் வையுங்கள். வானின் பாட்டுச் செற்றின் வொலியூமை முக்காலுக்கு ஏற்றி, நன்றாகத் தெரிந்த பாட்டொன்றைப் போட்டு, கெயினை மெல்ல மெல்லத் திறவுங்கள். சத்தம் உடைகிற இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் சரி. பதினைந்து வருசமாக நான் வைப்பது இப்படித்தான்.

முல்லைக்கரை:
அண்ணை கோபிக்கக்கூடாது. பாடுகிற குரல் உடைந்தால் காதுக்குப் பிடிபடும். 50 ஹேர்ட்ஸ் பேஸ் உடைவது லேசில் பிடிபடாது, வானின் தகடு அதிர்கிற சத்தத்துக்குள் மறைந்துவிடும். தெரியவரும்போது கொயில் கருகியிருக்கும்.

கெயின் வொலியூம் அல்ல. செற் அனுப்புகிற வோல்ற்றுக்கு அம்பைப் பொருத்துகிற திருகு அது. பக்கத்தில் 0.2 முதல் 6 வோல்ற் வரை என்று போட்டிருக்கும். 4 வோல்ற் தருகிற செற்றுக்கு அதை 0.2 இல் விட்டால் அம்ப் அலையின் தலையை வெட்டிச் சதுரமாக்கும். முழுச் சதுர அலை, அதே உயரமுள்ள வெட்டுப்படாத அலையைப்போல் இரண்டு மடங்கு சக்தியைக் கொயிலுக்குள் இறக்கும். தம்பியின் வூபருக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

300 வாற்ஸை 4 ஓமால் பெருக்க 1200. அதன் வர்க்கமூலம் 34.6, அம்ப் தரவேண்டிய வோல்ற் அதுதான். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, பேஸைக் கூட்டுகிற பேஸ் பூஸ்ற்றைப் பூச்சியமாக்கி, 0 டெசிபலில், அதாவது பதிவின் முழு உயரத்தில், பதிந்த 50 ஹேர்ட்ஸ் டோனை (ஒரே சீரான ஒலியை)ப் போட்டு, அம்பில் ஸ்பீக்கர் வயர் கொழுவுகிற இடத்தில் மீற்றரை வைத்து, ஏசி 34.6 வோல்ற் வரும்வரை கெயினைத் திருகுங்கள்.

பரந்தன் சவுண்ட்:
மீற்றர் வோல்ற்றைக் காட்டும், அலையின் வடிவத்தைக் காட்டுமா? செற்றே வெட்டி அனுப்பினாலும் 34.6 வரும். முன் ஸ்பீக்கருக்கு 1000 ஹேர்ட்ஸ் போட்டால் பல மலிவு மீற்றர்கள் பிழையாகக் காட்டும், அவை வீட்டுக் கரண்டை அளக்கச் செய்தவை. எல்லாவற்றையும்விட, ஸ்பீக்கரைக் கழற்றி அளக்கும்போது அம்புக்குச் சுமையே இல்லை. பாட்டு அடிக்கிற நேரம் பற்றரி இறங்கினால், எர்த் சரியில்லையென்றால், அதே அம்ப் 34.6க்கு முன்னமே வெட்டும். உங்கள் மீற்றர் அதைச் சொல்லாது.

இன்னொன்று, எந்தப் பாட்டும் டோன்போல முழு உயரத்தில் நிற்பதில்லை. 0 டெசிபலில் வைத்துக் கொடுத்தால் பழைய பாட்டுக்குச் சத்தம் காணாது. 5 டெசிபல் குறைந்த டோன் போதும்.

முல்லைக்கரை:
சுமையைப் பற்றிச் சொன்னது சரி, அதை நான் எழுதியிருக்க வேண்டும். வடிவம் பார்க்க, அலையைத் திரையில் வரைந்து காட்டுகிற ஒசிலோஸ்கோப்தான் வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் விடிய விடிய ஓடுகிற வானுக்கு 0 டெசிபல்தான், அதில் நான் இறங்கமாட்டேன். பேஸ் பூஸ்ற்றையும் தொடவேண்டாம் தம்பி. 6 டெசிபல் ஏற்றினால் அம்பிடம் நான்கு மடங்கு வாற்ஸ் கேட்கிறீர்கள்.

மாங்குளம் வான்:
நேற்று செய்து பார்த்தேன். 34.6 வந்தபோது திருகு கால்வாசிக்கும் கீழே நின்றது. பிறகு ஸ்பீக்கரைக் கொழுவி, எஞ்சினை ஓடவிட்டு, பாட்டுப் போட்டு, அம்புக்கு வருகிற டிசி வோல்ற்றைப் பார்த்தேன். பேஸ் அடிக்கிற ஒவ்வொரு முறையும் 11க்கு விழுந்தது. எர்த் வயரைத் தேடினால், சீற் நட்டுக்குக் கீழே பெயின்ற்றின் மேலேயே இறுக்கியிருக்கிறார்கள். மண்கடதாசியால் தகடு மினுங்கும்வரை உரஞ்சி மறுபடி இறுக்கினேன். இப்போது 13க்குக் கீழே போகவில்லை.

முன் ஸ்பீக்கர் இன்னும் வைக்கவில்லை. பரந்தன் அண்ணை, ஞாயிறு கடை திறப்பீர்களா?

பரந்தன் சவுண்ட்:
திறந்திருக்கும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைக் கொண்டுவாருங்கள்.