லேண்டிங் கியர் போல்ட்: கை நுழையாத இடத்தில் டார்க் வைப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். நான் சொந்தமாகக் கட்டிவரும் இரண்டு இருக்கை அலுமினிய விமானத்தில், லேண்டிங் கியர் காலை உடற்பகுதிக்குள் உள்ள மவுண்டுடன் இணைக்கும் ஏஎன்5 போல்டுகள், அதாவது 5/16 அங்குல விட்டமுள்ளவை, பக்கத்துக்கு நான்கு இருக்கின்றன. மூன்றை முடுக்கிவிட்டேன். நான்காவதன் நட்டு மவுண்டின் மூலைக்கும் தரைத் தகட்டின் விறைப்பானுக்கும் நடுவே ஒளிந்துகொண்டிருக்கிறது. இரண்டு விரல்கள் நுழைகின்றன, சாக்கெட் நுழையவில்லை. சாதாரண ஸ்பேனரால் கைக்கணக்கில் இறுக்கி வைத்திருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. போல்டின் தலைப்பக்கத்திலிருந்து டார்க் (அளந்து வைக்கும் முறுக்கு விசை) வைத்தால் போதுமா? குரோஃபுட் (ரெஞ்சின் முனையில் மாட்டும், பக்கவாட்டில் நீளும் ஸ்பேனர் வாய்) மாட்டினால் டார்க் ரெஞ்சில் எந்த எண்ணை வைப்பது?

மறுமொழி 1

மனம் ஒப்பாதது நல்லதுதான். கைக்கணக்கு என்பது ஸ்பேனரின் நீளத்தையும் அன்றைய களைப்பையும் பொறுத்து மாறும். நெருக்கடியான இடத்தில் குட்டை ஸ்பேனரைப் பிடிக்கும்போது பெரும்பாலும் குறைவாகத்தான் இறுக்கியிருப்போம்.

ஏஎன்5 போல்டில் இழுவிசை தாங்கும் வகை நட்டுக்கு வழக்கமான அளவு 100 முதல் 140 இன்ச்-பவுண்ட் (உங்கள் வரைபடம் வேறு எண் சொன்னால் அதுவே செல்லும்). இந்த எண் எண்ணெய் படாத, உலர்ந்த மரைக்கானது. நைலான் வளையமுள்ள லாக் நட் என்றால், நட்டு வாஷரைத் தொடுவதற்கு முன்பே அதைச் சுற்றுவதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று முள் காட்டும் ரெஞ்சால் அளந்து, அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அது 20 என்றும், நீங்கள் வைக்க நினைப்பது 120 என்றும் கொண்டால், நட்டில் விழ வேண்டியது 140.

குரோஃபுட் ரெஞ்சுக்கு நேர்கோட்டில் முன்னால் நீண்டிருந்தால் நெம்புகோலின் நீளம் கூடிவிடுகிறது. ரெஞ்சின் சதுர முனையிலிருந்து கைப்பிடியின் நடுப்பகுதி வரை 12 அங்குலம், அதே முனையிலிருந்து நட்டின் மையம் வரை 2 அங்குலம் என்றால், 140ஐ 12ஆல் பெருக்கி 14ஆல் வகுக்க வேண்டும். ரெஞ்சில் வைக்க வேண்டியது 120. மறந்து 140ஐயே வைத்தால் நட்டில் 163 விழும். குரோஃபுட்டை 90 பாகையில் திருப்பி மாட்ட இடமிருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. நான் முடிந்தவரை அப்படித்தான் மாட்டுவேன். ரெஞ்சின் சதுர முனைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே, போல்டின் அச்சிலேயே நேராக நிற்கும் எக்ஸ்டென்ஷன் கம்பி எவ்வளவு நீளமானாலும் எண் மாறாது.

மறுமொழி 2

கணக்கு சரி, ஆனால் இவருடைய முதல் சிக்கல் நட்டை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று நினைக்கிறேன். ரிங் ஸ்பேனரின் ஒரு பக்கத்தை மாஸ்கிங் டேப்பால் மூடி, நட்டை அதற்குள் உட்கார வைத்து உள்ளே நீட்டிவிட்டு, தலைப்பக்கத்திலிருந்து போல்டைச் சுற்றினால் மரை பிடித்துக்கொள்ளும். வாஷரை விரல் நுனியில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த கிரீஸ் மரைக்கு ஏறினால் மேலே சொன்ன உலர்ந்த மரை எண்ணுக்குப் பொருளில்லை. டேப்பே மேல்.

திறந்தவாய் ஸ்பேனரின் வாய் 15 பாகை சாய்ந்திருப்பது இதற்காகத்தான்: ஒரு முறை திருகிவிட்டு ஸ்பேனரைக் குப்புறப் புரட்டி மாட்டினால் 30 பாகை இடத்திலேயே வேலை நடக்கும். மலிவான ஸ்பேனர் ஒன்றைக் குட்டையாக அறுத்து, வாயின் ஓரத்தை மெல்லியதாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கருவியை வெட்டலாம், கை நுழைவதற்காக விறைப்பானில் ஓட்டை போடலாமா என்று மட்டும் வடிவமைப்பாளரைக் கேட்காமல் யோசிக்காதீர்கள்.

இறுக்கும்போது விமானத்தின் எடை காலின் மேல் இருக்கக் கூடாது. ஜாக்கியில் தூக்கியபின் போல்ட் துளையில் தளர்வாக வந்துபோனால்தான் நீங்கள் அளக்கும் டார்க் இணைப்பை இறுக்குகிறது என்று நம்பலாம்.

மறுமொழி 3

தலைப்பக்கம் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. டார்க்கை நட்டில் வைப்பதே முறை. வேறு வழியே இல்லையென்றால், போல்டின் தண்டு துளையில் உரசிச் சுழல்வதற்குச் செலவாகும் விசையைத் தனியே அளந்து கூட்ட வேண்டும். இறுக்கமான துளையில் இந்த உரசல் சீராக இருப்பதில்லை. எனவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் குரோஃபுட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இதுவரை கைக்கணக்கில் இறுக்கிய அந்த நட்டைக் கழற்றும்போது விரலாலேயே சுற்ற வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். நைலானின் பிடி போய்விட்டது. முடித்தபின் நட்டுக்கு வெளியே ஒரு மரையாவது தெரிய வேண்டும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஜாக்கியில் தூக்கியதும், தட்டித்தான் நுழைந்த போல்ட் விரலாலேயே உள்ளே போயிற்று. அதுவரை நான் இறுக்கியதெல்லாம் எதன் மேல் விழுந்தது என்று அப்போதுதான் புரிந்தது. 90 பாகைக்கு இடம் கிடைக்கவில்லை. என் ரெஞ்சின் நீளத்தில் எண் 118 வந்தது. புதிய நட்டுடன் மூன்றாவது முயற்சியில் கிளிக் கேட்டது. பின்னால் நட்டு நகர்ந்தால் தெரியும்படி நட்டிலிருந்து மவுண்ட் வரை சிவப்புக் கோடு இழுத்து, அது கண்ணாடியில் தெரிகிறதா என்றும் பார்த்துவிட்டேன். மற்ற மூன்றும் எடை இறங்கிய நிலையில் முடுக்கியவை என்பதால், அவற்றையும் நாளை கழற்றப் போகிறேன்.