சூடு பட்ட காயில் ஸ்பிரிங்கை அப்படியே விட்டு ஓட்டலாமா?

கேள்வி:
பழைய கார் ஒன்று வாங்கி நான்கு மாதம் ஆகிறது. முன்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே உள்ள இடைவெளி வலதுபக்கத்தைவிட இரண்டு விரல் குறைவு. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றில் பெயின்ட் எரிந்து போயிருக்கிறது, நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் நீலம். வெயிலில் ஓடித் தளர்ந்திருக்கும், வலது பக்கத்தையும் கொஞ்சம் கேஸ் டார்ச் காட்டி இறக்கினால் சமமாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். எஃகில் அந்த நீலம் 300 டிகிரி வாக்கில் வருவது, சாம்பல் என்றால் அதற்கும் மேலே. எந்த வெயிலும் அதைச் செய்யாது, முன்பு வைத்திருந்தவர் வண்டியைத் தாழ்த்த டார்ச் பிடித்திருக்கிறார். ஸ்பிரிங் கம்பியை 800 டிகிரிக்கு மேல் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, அப்புறம் 400 டிகிரி வாக்கில் மறுபடி சூடேற்றித்தான் பதம் கொண்டுவருகிறார்கள். டார்ச்சில் சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் அந்த இடத்தோடு போச்சு.

பதில் 2:
இதில் பலர் ஏமாறுவது ஒன்று உண்டு. பதம் போன ஸ்பிரிங்கைக் கையால் அமுக்கினால் பழைய விறைப்புதான் தெரியும், ஏனென்றால் எஃகின் விறைப்பைப் பதம் மாற்றுவதில்லை. மாறுவது தாங்கும் எல்லை. பெரிய பள்ளத்தில் விழும்போது சூடு பட்ட சுற்று அமுங்கி, முழுசாக மேலே வராமல் நின்றுவிடும், அப்படியே ஒவ்வொரு பள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வண்டி இறங்கும். போதாததற்குப் பெயின்டும் எரிந்துவிட்டது, துரு குழி விழுந்தால் அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும்.

கேள்வி கேட்டவர்:
சரி, புரிந்தது. உயரம் குறைய வேண்டும் என்றால் ஒரு சுற்று வெட்டலாமா?

பதில் 3:
வெட்டினால் விறைப்பு ஏறும். வேலை செய்யும் சுற்று ஆறு இருந்து ஐந்தானால் 20 சதவீதம் கூடும், ஷாக் அப்சார்பர் அதற்குத் தோதாக இருக்காது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டு விலகவும் வாய்ப்பு உண்டு. வேறு ஸ்பிரிங் போடலாம் என்றால் கம்பித் தடிமன் இன்னும் பொல்லாதது: 12 மில்லிமீட்டர் 13 ஆனால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், விறைப்பு 38 சதவீதம் கூடிவிடும். அதனால் உங்கள் மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். கழற்றும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் கை வைக்காதீர்கள், மேல் ரப்பர் சீட் வெந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.