ரப்பர் தேயல, ஆனா ஷூ செத்துப்போச்சு: உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?

விடிகாலை ஓடி

வணக்கம் நண்பர்களே. ரெண்டு மாசமா என் மண்டையைக் குடைஞ்ச விஷயம் ஒண்ணு. என் கதையைச் சொல்லிட்டு உங்க கதையையும் கேக்கலாம்னுதான் இந்த இழை.

வாரத்துக்கு நாலு நாள், மொத்தம் 30 கி.மீ. ஓடுறவன் நான். திடீர்னு ஓடின மறுநாள் காலைல படி இறங்கும்போது கணைக்கால் எலும்போட உள்பக்கம் சுருக்குனு ஒரு வலி. ரெண்டு நாள் ஓய்வு எடுத்தா போயிடும், ஓடினா திரும்ப வந்துடும். ஐஸ் வச்சேன், ஸ்ட்ரெச்சிங் பண்ணினேன், ஓடுற வேகத்தைக் குறைச்சேன். ஷூவையும் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்க ரப்பர்ல கோடெல்லாம் பளிச்சுனு இருந்தது. அப்புறம் அது மேல எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

கூட ஓடுற நண்பன் அதே மாடல், அதே சைஸ்ல புதுசு வாங்கினான். விளையாட்டுக்கு அவனோட இடது ஷூவை ஒரு கால்லயும் என்னோட வலது ஷூவை இன்னொரு கால்லயும் மாட்டிக்கிட்டு பத்தடி நடந்தேன். இடது கால் மெத்தைல, வலது கால் பலகைல! உயரமே வித்தியாசமா இருந்தது, லேசா நொண்டினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டா அந்த ஜோடி ஏறத்தாழ 1,100 கி.மீ. ஓடியிருக்கு.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். தரையில படுற ரப்பர் வேற, அதுக்கு மேல இருக்கிற மிட்சோல் ஃபோம் வேற. நிறைய ஷூவுல அந்த ஃபோம் ஈ.வி.ஏ.ங்கிற ஒரு வகை பிளாஸ்டிக். உள்ளே லட்சக்கணக்கான குட்டிக் காற்றுக் குமிழ்கள். ஒவ்வொரு தடவை கால் ஊன்றும்போதும் நசுங்கி எழும்பணும். கிலோமீட்டருக்கு ஒரு காலே நூற்றுக்கணக்கான தடவை ஊன்றுது. குமிழோட சுவர் மடங்கி, கிழிஞ்சு, ஒரு கட்டத்துல எழும்பாமலே போயிடுது. ரப்பர் மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்கும்.

500லிருந்து 800 கி.மீ.க்குள்ள மாத்தணும்னு பொதுவா சொல்றாங்க. உடல் எடை, ஓடுற தரை, காலை வைக்கிற விதம் இதெல்லாம் வச்சு அது மாறும். புது ஷூ போட்டு ரெண்டே வாரத்துல வலி அடங்கிடுச்சு. ஆனா ஷூவாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், அந்த ரெண்டு வாரம் தூரத்தையும் பாதியாக் குறைச்சிருந்தேன்.

உங்களுக்கு எது காட்டிக் கொடுத்தது?

நெடுந்தூரம்

எனக்கு மிட்சோல் பக்கவாட்டுச் சுருக்கம். புதுசுல வழவழன்னு இருக்கும், அப்புறம் கிழவர் நெத்தி மாதிரி கிடைமட்டமா வரிவரியா விழும். இன்னொண்ணு, மேஜை மேல ரெண்டையும் வச்சு பின்பக்கமா கண்ணுக்கு நேரா பாருங்க. என்னோடது ரெண்டும் உள்பக்கமா சாஞ்சு ஒண்ணையொண்ணு ரகசியம் பேசிக்கிட்டு இருந்தது. அன்னிக்கே ஓய்வு கொடுத்துட்டேன்.

குதிகால்காரி

எனக்கு நடந்தது கொஞ்சம் வேற மாதிரி. குதிகால் வெளி ஓரம் தேஞ்சிருந்ததைப் பார்த்துட்டு ஒரு கடைக்காரர் "உங்க கால் வெளிப்பக்கமா சாயுது மேடம்"னு சொல்லி, வேற வகை ஷூவைத் தலைல கட்டிட்டார். அதுலயும் அதே இடம்தான் தேஞ்சது. குதிகாலை முதல்ல வைக்கிற பெரும்பாலானவங்களுக்கு அந்த வெளி மூலைதான் தரையை முதல்ல தொடும், அது குறையே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

நான் கவனிச்சிருக்க வேண்டியது வேற: இடது குதிகால் வலதை விட ரொம்பவே அதிகமா தேஞ்சிருந்தது. பிசியோகிட்ட பழைய ஷூவைக் கையோட எடுத்துட்டுப் போனேன். ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னார், தள்ளாடினேன். இடுப்புத் தசைக்குப் பயிற்சி கொடுத்தார். அதனால பழைய ஜோடியைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு அடிப்பாகத்தையும் பக்கத்துல வச்சு ஒரு தடவை பாருங்க.

மெதுவா போறவன்

கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசறேன், கோவிச்சுக்காதீங்க. என் ஷூ 1,500 கி.மீ. தாண்டிடுச்சு. எடை கம்மி, பெரும்பாலும் மண் பாதை. ஒரு வலியும் கிடையாது. அதுக்கு முந்தின ஜோடியைத்தான் முழங்கால் வலிக்குதுன்னு பயந்து 400லயே மாத்தினேன். வலி போகவே இல்ல. பார்த்தா, ஒரே மாசத்துல வாரம் 20 கி.மீ.யை 45க்கு ஏத்தியிருக்கேன்! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான். ஷூவை மாத்தறதுக்கு முன்னாடி ஓட்டக் குறிப்பையும் புரட்டுங்க அண்ணா.

பெட்டிக்குள் பத்திரம்

சிரிக்காம படிங்க. நல்ல ஜோடி ஒண்ணு, "பந்தயத்துக்கு மட்டும்"னு பெட்டியில வச்சிருந்தேன். பந்தயம் எதுலயும் கலந்துக்கல. ஏழு வருஷம் கழிச்சு ஒரு நாள் எடுத்தா, புதுசு கணக்கா மின்னுது. போட்டுக்கிட்டுக் கிளம்பினேன். மூணாவது கிலோமீட்டர்ல ஏதோ உதிர்ந்த மாதிரி இருந்தது. குச்சியா இருக்கும்னு விட்டேன். நாலாவதுல வலது கால் சளப் சளப்புன்னு சத்தம். குனிஞ்சு பார்த்தா அடிப்பாகம் முன்னாடி மட்டும் ஒட்டிக்கிட்டு பின்னாடி வாயைப் பிளந்திருக்கு. நடுவுல இருந்த ஃபோமைத் தொட்டா ஈரச் சுவர்க் காரை மாதிரி கையோட வருது. திரும்பிப் பார்த்தா வந்த வழியெல்லாம் துகள். லேஸைக் கழட்டி ஷூவைச் சுத்திக் கட்டிக்கிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அது பாலியூரித்தேன் ஃபோமாம். காற்றுல இருக்கிற ஈரமே அதோட மூலக்கூறுகளை மெல்ல மெல்ல அறுத்துடும். போடாம வச்சா ஆயுசு கூடும்னு நினைச்சது தப்பு. ஈ.வி.ஏ. இந்த மாதிரி பொடியாகாது, ஆனா அதுவும் வருஷக்கணக்குல இறுகும், பசையும் விட்டுடும்.

கணக்குப்பிள்ளை

எண் பிடிச்சவங்களுக்கு மட்டும் ரெண்டு. 1985ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் ஷூக்களை இயந்திரத்தில் வைத்து அடித்துப் பார்த்தார்கள். 80 கி.மீ.க்குச் சமமான அடியிலேயே அதிர்வு தாங்கும் திறன் முக்கால் பங்காகிவிட்டது, 400 முதல் 800க்குள் 60 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் மனிதர்கள் போட்டு ஓடிய ஷூக்களில் 800 கி.மீ. ஆன பிறகும் சுமார் 70 சதவீதம் மிச்சம் இருந்தது. சரிவு தொடக்கத்தில்தான் வேகம், அப்புறம் மந்தம். அதனால்தான் "இன்றைக்குச் செத்தது" என்று ஒரு நாளைச் சுட்டிச் சொல்ல முடிவதில்லை.

இன்னொன்று லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்து 2015ல் வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் குறைவாக இருந்தது. அவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமானவர்களாக இருந்திருக்கலாம், எனவே முழுப் பெருமையையும் ஷூவுக்குத் தர மாட்டேன். இருந்தாலும் நான் இரண்டாவது ஜோடி வாங்கினேன். பலன் வேறு விதத்தில் கிடைத்தது: பழசின் வீழ்ச்சி புதுசின் பக்கத்தில் வைத்தால் உடனே தெரிகிறது. தனியாக இருந்தால் கால் பழகிவிடும்.

லேஸ் அவிழ்ந்தவன்

நான் செஞ்ச தப்பு, போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி மாத்தினது. 21 கி.மீ. முடியறதுக்குள்ள ரெண்டு கொப்புளம், ஒரு கறுத்த நகம். இப்ப பழசு முழுசா சாகறதுக்கு முன்னாடியே புதுசை வாங்கி, மூணு வாரம் சின்ன ஓட்டத்துக்கு மட்டும் போட்டுப் பழக்குறேன். இன்னொண்ணு: நடக்க, ஊர் சுத்த எல்லாத்துக்கும் அதே ஷூன்னா அந்தத் தூரமும் கணக்குல சேரும் சார், ஓட்டத்தைப் பதிவு பண்ற ஆப் அதைக் காட்டாது. வாஷிங் மெஷின்ல போட்டு உலர்த்துற சூட்டுல காயவச்ச புண்ணியவானும் நானே. அதைப் பத்தி பேச வேண்டாம்.

விடிகாலை ஓடி

எல்லாருக்கும் நன்றி. மெதுவா போறவன் தம்பி சொன்ன மாதிரி குறிப்பைப் புரட்டினேன். வலி ஆரம்பிச்ச வாரத்துலதான் மேட்டு ஓட்டமும் ஆரம்பிச்சிருக்கேன். ஆக, குற்றவாளி ரெண்டு பேர்.

பழசைப் போட்டுக்கிட்டு நடைப்பயிற்சிக்குப் போறேன்னு அப்பா கேட்டார். நெடுந்தூரம் எழுதினதைப் படிச்சதும் ஷூவைப் பின்பக்கமாத் திருப்பிக் காட்டி, இதோட ஃபோம் என் கால் சாய்வுக்கு நசுங்கினது, உங்களுக்கு வேண்டாம்பான்னு தடுத்துட்டேன். இப்ப அது செடிக்குத் தண்ணி ஊத்தப் போகும்போது மட்டும். புதுசோட நாக்குப் பட்டைல போட ஆரம்பிச்ச தேதியை மார்க்கரால எழுதியிருக்கேன். வீட்டுல அதைப் பார்த்துட்டு, "என்ன இது, எக்ஸ்பைரி தேதியா? எப்ப வரைக்கும் சாப்பிடலாம்?"னு கேக்குறாங்க.