புதுப்பிப்பு: அப்பப்பாவின் கரைவலை வீடியோ, வெட்டி வெட்டி ஓடினது சரி

போன மாதம் கேட்டிருந்தேன்: நிலாவெளியில் அப்பப்பா ஆட்களோடு கரைவலை இழுக்கிற பழைய டிஜிட்டல் கமெரா வீடியோ, மென்பொருளால் நடுப் படங்களைச் சேர்த்து செக்கனுக்கு 60 ஃபிரேமுக்கு (படத்துக்கு) ஏற்றியும் துள்ளித் துள்ளித்தான் ஓடுது எண்டு. உதவின எல்லாருக்கும் நன்றி. வேலை முடிஞ்சுது.

"விஎல்சி வீடியோ பிளேயரில் ஈ (E) விசையைத் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாப் பாருங்கோ" எண்டு ஓர் அண்ணா எழுதியிருந்தார். அதுதான் கை கொடுத்தது. ஒவ்வொரு படமும் இரண்டு தரம் வந்தது. கமெரா எடுத்தது 15 ஃபிரேம்; சீடியில் பதிஞ்சு தந்த கடைக்காரர் அதையே இரட்டிச்சு 30 ஆக்கியிருக்கிறார். ஒரே மாதிரியான இரண்டு படத்துக்கு நடுவில் மென்பொருள் எதைக் கண்டுபிடிக்கும்? அடுத்த படத்தில் திடீரெண்டு பாயும்.

எஃப்எஃப்எம்பெக் எண்ட வீடியோ மென்பொருளில் முதலில் 15க்கு இறக்கி, பிறகு நடுப் படங்களை உருவாக்கிற மின்டர்போலேட் வடிகட்டியை எம்சிஐ முறையில் (அசைவைக் கணிச்சு) வைத்து 30க்கு ஏற்றினேன். கயிறு இழுக்கிற கைகள் இப்ப வழுக்கிக்கொண்டு போகுது. நீளம் மாறாததால் "ஏலேலோ" சத்தமும் பிசகவில்லை.

எதிர்பாராதது வலைக்கண்கள்தான். வலையின் மடி (மீன் சேருற பை) கரையேறும் இடத்தில் கண்ணெல்லாம் பாகு மாதிரி உருகி நெளிஞ்சுது, அலை நுரையும் அப்படியே. ரைஃப் எண்ட செயற்கை நுண்ணறிவு முறையில் அந்தத் துண்டை மட்டும் செய்ததில் பாதி குறைஞ்சுது. என்ர லப்டொப்புக்கு விடிய விடிய வேலை. 60க்கு ஏற்றினால் நெளிவு இன்னும் கூட, அதனால் 30 உடன் விட்டுட்டேன்.

அப்பம்மா பார்த்திட்டு, "மீன் காணாது" எண்டா.